மில்காரர் வாங்கிக்கொண்ட சேறு

எங்கள் அண்ணியைச் சாது என்று நினைத்து ஏமாந்தவர்களில் முதல் ஆள் மில்காரர்.

நாங்கள் தோண்டிக் கொண்டுபோகும் தங்கக் கல்லை அவர் மில்லில் அரைக்கக் கூலி கிடையாது. அரைக்கும்போதே பாதரசத்தை ஊற்றினால் அது தங்கத்தைப் பிடித்து உருண்டையாகும். உருண்டை நமக்கு, மிச்சச் சேறு அவருக்கு. பாதித் தங்கம் சேற்றோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதைத் தொட்டியில் சயனைடு ஊற்றிப் பிரித்தெடுத்தே மாடி மேல் மாடி கட்டினார், படுபாவி.

அந்த உருண்டைகளை வாணலியில் வறுத்து, பாதரசத்தைப் புகையாக ஓட்டுவது என் அண்ணன் வேலை. மில்லின் ஜன்னல் இல்லாத பின்னறையில் பன்னிரண்டு வருஷம். அந்தப் புகையிலேயே கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் சட்டையில். ஒருநாள் உருண்டை கைதவறி விழ, அத்தனை பேர் முன்னால் மில்காரர் கத்தினார்: "காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்து நிக்கிறான். வெளிய போடா!"

என் அண்ணன் பீடிகூடத் தொடாதவன்! அண்ணி அழவில்லை. "அந்தாளுக்குச் சேத்துல ஒரு பொட்டுத் தங்கம் கிடைக்கக் கூடாது" என்றாள்.

மறுவாரமே கல்மூட்டையோடு அதே மில்லில் போய் நின்றாள். "பாதரசம் வேணாம்ணே. சும்மா அரைச்சுக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? ஒண்ணும் தேறாது" என்று சிரித்தார். பாதரசம் இல்லையென்றால் முழுத் தங்கமும் சேற்றில்தானே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

அண்ணி மாவாக அரைத்தாள். மில்லின் பின்பக்கம் சரிவான பலகையில் பழைய கம்பளியை விரித்து, சேற்றைத் தண்ணீரோடு ஓடவிட்டாள். கனமான தங்கம் கம்பளியில் தங்கியது. ஓடியதை மறுபடி அரைத்தாள், மறுபடி ஓடவிட்டாள். ஈரக் கம்பளியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அலசி, வெங்காரம் போட்டு உருக்கினாள். முன்பு கிடைத்ததைவிட இரண்டு பங்கு! காதும் காதும் வைத்த மாதிரி மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

சேறு மலையாகக் குவிய, மில்காரர் இரண்டு புதுத் தொட்டி கட்டினார். "எல்லாம் உங்களுக்குத்தாண்ணே, நல்லா எடுத்துக்குங்க" என்பாள் அண்ணி, வாயெல்லாம் பல்லாக.

தொட்டிகளில் சயனைடு செலவுக்குக்கூடத் தேறவில்லை. ஒருநாள் காலையில் மில்காரர் கைநிறையச் சேற்றோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "என்னடி பண்ணின என் சேத்த?" ஆத்திரத்தில் கை வெடவெடவென்று நடுங்கியது. சேறு படியெல்லாம் சிந்தியது.

அண்ணி அந்தக் கையையே பார்த்தாள். தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்: "என்னண்ணே, காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க?"

உள்ளே இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்திருந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தண்ணீர் முழுவதும் சட்டையில்.