பாலத்துக்கு முட்டு

மலையில் வாழவந்திக்கு அப்பால் ஓடைமேல் இருந்த பழைய கான்கிரீட் பாலத்தைச் சோதிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். பொறியாளனான எனக்கு அதுதான் பிழைப்பு. பாலத்தின் அடியில் முள் வைத்த அளவுமானிகளைப் பொருத்தி, மேலே மணல் மூட்டை ஏற்றிய லாரிகளை ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். பாலம் எவ்வளவு தொய்கிறது, லாரிகள் போனபின் எவ்வளவு மீள்கிறது என்று முள் காட்டிவிடும். மனிதர்களே இல்லாத ஊராக இருந்தால் எளிதான வேலை.

அளவுமானிகளை மாட்டி முடித்த சாயங்காலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவருக்கு வாரம் இருமுறை சேலத்தில் டயாலிசிஸ். பாலத்தைத் தாண்டி பஸ் வராவிட்டால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். நாலடி வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

"ஏனுங்க, பாலம் தேறிருமுங்களா?"

"நாளைக்குத் தெரியும்மா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ரொம்பத் தொஞ்சுதுன்னா பஸ்ஸை நிறுத்திருவாங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் பனிமூட்டத்தில் லாரிகளை ஏற்றினோம். முள் மயிரிழை நகர்ந்து நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை. மேலதிகாரிக்குப் போன் போட்டு, "சார், பாறை மாதிரி நிக்குது" என்று பீற்றிக்கொண்டேன்.

பனி விலகியதும் மறுபடி கீழே இறங்கினேன். பாலத்தின் அடியில், நடுவில் உண்ணிச்செடிக் குவியல் ஒன்று கிடந்தது. அளவுமானி மாட்டச் சாரம் கட்டும்போது எங்கள் ஆட்கள் வெட்டிப்போட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் மூன்று சில்வர் ஓக் மரக் கம்பங்கள், ஆப்பு வைத்து இறுக்கி, பாலத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன.

தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

"நாந்தானுங்க வெச்சேன். பக்கத்தூட்டுக்காரரும் ஒத்தாசைக்கு வந்தாருங்க" என்று வெட்கமே இல்லாமல் டீயை நீட்டினார்.

"பாலத்து மேல நம்பிக்கை இல்லைன்னா அதுல எப்படிம்மா பஸ்ல போவீங்க?"

"பாலத்த நம்பாம இல்லீங்க சாமி. உங்க மிசினத்தானுங்க நம்பல."

கையில் சூடான டீ இருந்ததால் சரியாகக் கத்தக்கூட முடியவில்லை.

கம்பங்களைப் பிடுங்கி, எல்லாம் முதலிலிருந்து. இந்த முறை முள் ஓடியது. லாரிகளை இறக்கி ஒரு நாள் காத்திருந்தும் பாலம் போதுமான அளவு மீளவில்லை. கம்பங்களைப் பார்க்காமல் விட்டிருந்தால் நல்ல பாலம் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். முதல் பெருமழையில் ஓடை அவற்றை அடித்துக்கொண்டு போயிருக்கும்.

பஸ் வராது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "கம்பு இருந்தப்போ தாங்குச்சில்லீங்க? அப்படியே உட்டிருக்கலாமில்லீங்க?" என்றார்.

"இதென்ன விளையாட்டாம்மா?" என்று எரிந்து விழுந்தேன்.

நான் கிளம்பிய காலை, கணவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அந்த அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பாலத்தின் மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். அடிவாரம் வரை கொண்டுபோய் விட்டேன்.

புதுப் பாலம் கட்டும்வரை பஸ் விட வழி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கணக்குப் போட்டேன். நம்பாமல் மறுபடியும் போட்டேன். ஓடையில் அடித்தளம் போட்டு, இரும்புத் தூண்களால் முட்டுக் கொடுத்தால் போதும். மூன்று தூண்கள். வரைபடத்தில் இடம் குறித்தேன், அந்த அம்மா கம்பம் வைத்த அதே மூன்று இடங்களில்.