குணாவுக்குத் தவறிய பன்னிரண்டு விநாடி

மீ கோரெங் வதங்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும், எனக்குக் குணாவின் வியர்வையில் நனைந்த பள்ளிச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளே, நான் படித்த காலத்தில் எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து, மற்றவர்கள் கன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும் "ரிசெஸ்" நேரத்தில் திடலைச் சுற்றி ஓடவிடுவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "குண்டு கிளப்". என் பக்கத்து இருக்கைக்காரனான குணா அதில் இருந்தான். நான் ஒல்லி என்பதால் என்னை யாரும் ஓடச் சொல்லவில்லை. "இவனுக்கென்ன, காத்து மாதிரி ஓடுவான்" என்று அம்மாகூடப் பெருமையாகச் சொல்வார். உண்மையில் இரண்டு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். தினமும் ஓடிய குணாவுக்கோ வியர்க்குமே தவிர இரைக்காது.

ஜூன் விடுமுறைக்கு முன் வகுப்பு முழுவதற்கும் ஓட்டத் தேர்வு வந்தது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் கிளப்பிலிருந்து விடுதலை என்றார் ஆசிரியர்.

"லீவு முடிஞ்சு உன்கூடத்தான் சாப்பிடுவேன் லா, இடம் பிடிச்சு வை" என்றான் குணா.

அவன் தன் கடைசிச் சுற்றில் வந்தபோது, நான் ஒரு சுற்றுப் பின்தங்கி, திடலின் மறுகோடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "டேய் ஒல்லி, என்னடா ஆச்சு? மெதுவா மூச்ச விடு" என்று என்னைத் தூக்கி, மர நிழலில் உட்காரவைத்துவிட்டுத்தான் மறுபடி ஓடினான். குறித்த நேரத்தைவிடப் பன்னிரண்டு விநாடி தாமதமாக முடித்தான். எங்களைக் கவனிக்காத ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு குணாவின் வயிற்றைப் பார்த்தார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு முடியாது என்றார். குணா என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் என்னையும் ரிசெஸில் ஓடவிடுவார்களோ என்று பயந்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் அவன் கிளப்பில் நடந்தே சுற்றினான்.

அந்தக் கிளப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். திடல் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். போன மாதம் சிராங்கூன் சாலையில் குணாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் மகன், "அப்பா, பஸ் வந்திருச்சு, ஓடி வாங்க!" என்று கத்தினான்.

"அப்பாவுக்கு ஓட்டமெல்லாம் வராதுடா. சின்ன வயசுலேர்ந்தே உடம்பு அப்படி."

"இல்ல குணா, நீ நல்லா ஓடுவே. அன்னைக்கு என்னாலதான் லேட்டாச்சு" என்றேன். இத்தனை வருடத்தில் முதன்முறை.

"சும்மா சொல்லாதே லா" என்று சிரித்தான். பஸ் கதவு மூடியது. "அடுத்ததுல போவோம்டா" என்றபடி மகனிடம் மெதுவாக நடந்து போனான்.