இருநூற்றுப் பதினோரு பல்

கணபதிப் பகுதியில் ஒரு கியர் பட்டறையில் செட்டிங் கணக்குப் போடுவது என் வேலை. எத்தனை பல் வேண்டுமோ, அந்த எண்ணைச் சிறு எண்களாகப் பிரித்து, அதற்கேற்ற சேஞ்ச் கியர்களை, பல் வெட்டும் ஹாபிங் மெஷினில் மாட்டச் சொல்ல வேண்டும். 210 சுலபம். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று உடைந்து கொடுக்கும்.

சென்னிமலையில் தறி வைத்திருக்கும் தங்கமணி என்ற அம்மா கொண்டுவந்த உடைந்த கியரை இரண்டு முறை எண்ணினேன். 211. பகா எண், எதனாலும் உடையாது. தறிகளுக்கு நீளவாட்டு நூலைச் சுற்றித் தரும், அவருடைய பாவு ஓட்டும் மெஷினின் கியர் அது. அது நின்றதால் எட்டுத் தறிகள் நின்றிருந்தன. சனிக்கிழமை பெட்ஷீட் போகாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும்.

“ஒரு பல்லுக்கு எதுக்குங்க இத்தன ரோசன? இருநூத்திப் பத்தே வெட்டிக் குடுங்க. எங்க மாமியாளுக்கு நாலு பல்லு இல்லீங்க, முறுக்கே கடிக்கறாங்க,” என்றார் தங்கமணி.

ஆபரேட்டர் சலீம் பாய் சிரித்தார். “அவுங்க பல்லு முறுக்கோட போச்சுங்க அம்மணி. இது இன்னொரு கியரோட ஒக்காரோணுமுங்க.”

மெஷினைச் செய்தவர்கள் இந்த எண்ணை வேண்டுமென்றேதான் தேர்ந்திருப்பார்கள். எதிர்க் கியரோடு பொதுக் காரணி இல்லாததால், எந்தப் பல்லும் ஒரே பல்லோடு அடிக்கடி மோதாது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பரவும்.

ஆனால் வெட்டுவது கஷ்டம். 211-க்கு நேரான சேஞ்ச் கியர் கிடையாது. பக்கத்து எண்ணுக்கு செட் செய்து, மீதி வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் என்ற கூடுதல் கியர் தொகுதி வழியாக, கட்டரை நகர்த்தும் ஃபீடோடு இணைத்துச் சரிக்கட்ட வேண்டும். வேலை முடியும்வரை ஃபீட் லீவரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் கட்டர் பழைய பள்ளத்தில் இறங்காது.

“மொதலாளியே வந்தாலும் இந்த லீவருல கை வெக்கப்படாது, சொல்லிப்போட்டேன்,” என்று காலையில் எல்லோரையும் மிரட்டியவர் பாய்தான்.

முக்கால் பாகம் வெட்டியபோது கரண்ட் போனது. கரண்ட் போனதும் லீவரைக் கழற்றிக் கட்டரைப் பின்னுக்கு எடுப்பது அன்றாடப் பழக்கம். நான் வாய் திறப்பதற்குள் பாயின் கை அதைச் செய்துவிட்டது.

கரண்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்தோம். கட்டர், வெட்டிய பற்களின் விலாவைச் சீவிக்கொண்டு போனது.

“முடிஞ்சுதுங்களா பாய்?” என்று வாசலிலிருந்து தங்கமணி கேட்டார்.

“கெடுத்துப்போட்டேனுங்க அம்மணி.”

அவர் திட்டவில்லை. பல் வெட்டாத வேறு காஸ்டிங் வார்த்து வர மூன்று வாரம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். போனைக் கையில் எடுத்து, “தறிக்காரங்களுக்கு என்னன்னுங்க சொல்றது?” என்று என்னைக் கேட்டார். 211-ஐ ஏன் வகுக்க முடியாது என்று எனக்கு விளக்கத் தெரியும். மூன்று வாரம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. பகா எண் வேலை வந்தால் முதலில் லீவரைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். விஷயம் தெரிந்தவருடைய கைக்கும் அதன் பழக்கம்தான் தெரியும்.

புதுக் காஸ்டிங்கில் லீவரைக் கட்டிவைத்து வெட்டினோம். 211 பல்லும் சரியாக வந்தன. தங்கமணிக்குப் போன் செய்தேன். ஆர்டர் கைமாறிவிட்டது, மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்.

கியர் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. ஒரு பல்கூடத் தேயவில்லை.