துரை பங்களாவை வரையச் சொன்ன நாள்

நாளை எனக்கு விடுப்பு. பதிலுக்கு வரும் வாத்தியாருக்காகச் சுலபமான சித்திரப் பாடம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தாள். அந்த ஈர வாடை என்னை நான் சிறுவயதில் படித்த நமுனுகுல தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

அன்று எங்கள் வாத்தியாருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. "எல்லாரும் துரை பங்களாவ வரைங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பங்களா கேட்டுக்குள் எங்களை எவன் விட்டான்? நான் எங்கள் லயத்தை வரைந்தேன். நீளமாக ஒரே கூரை, பத்துக் கதவுகள், மூன்றாவது கதவில் கொழுந்துக் கூடையோடு அம்மா.

"லயத்த யாரு வரையச் சொன்னா? இதெல்லாம் ஒரு வீடா?" கணக்கப்பிள்ளை என் சிலேட்டை எட்டிப் பார்த்தார்.

"நாங்க அங்கதாங்க இருக்கோம்" என்றேன்.

உள்ளங்கையால் ஒரே தேய்ப்பு. அம்மாவையும் சேர்த்து அழித்தார். அந்த மனுஷன் குடித்த தேத்தண்ணீருக்குக் கொழுந்து பறித்தவள் அவள்!

மறுபடி பேனாவை எடுத்தேன். பாடத்தை இரண்டே வரியில் முடித்தேன். "பிள்ளைகள் அவரவர் வீட்டை வரையட்டும். தயவுசெய்து சிலேட்டில் கை வைக்காதீர்கள்."

திரும்பப் படித்துப் பார்த்தேன். 'தயவுசெய்து' என்பதை மட்டும் அடித்துவிட்டேன்.