சிவமலரின் ஆங்கிலம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோ சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தபடியே சிவமலர் கைபேசியில் மகளுக்குச் சொல்கிறார்: "மெசேஜ் வாங்கிக்கொண்டு நிக்கிறன், பிறகு கதைக்கிறன்." மறுமுனையில் கேசிகா சிரிப்பது, அவரைப் பற்றி எழுத வந்து பக்கத்தில் நிற்கும் எனக்கும் கேட்கிறது. மெசேஜ் என்றால் சிவமலருக்கு வீட்டுச் சாமான். பிள்ளை 'பேர்ன்'. அழுவது 'கிரீட்'. பிடிவாதக்காரர் 'த்ரான்'; திறக்க மறுக்கும் கதவுப் பூட்டுக்கும் அதே பெயர்தான்.

பத்து வருடமாக இதுதான் ஆங்கிலம் என்று நம்பியிருந்தார். அதே நகரின் கால்சா பகுதியில், மூன்றாம் மாடியில் அவர் பராமரிக்கும் இசொபெல் சிஞ்ஞோரா (சிஞ்ஞோரா என்றால் அம்மையார்), ஸ்கொட்லாந்தின் மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்து, பலெர்மோக்காரரை மணந்து வந்தவர். வயது எண்பத்தொன்பது. வேலை செய்யும்போது அவர் வாயிலிருந்து விழுந்த சொற்களைச் சிவமலர் பொறுக்கிக்கொண்டார். கிரீட் என்றால் வணக்கம் சொல்வது, அழுவதல்ல என்று பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் கேசிகா திருத்தியபோதும் அவர் அசரவில்லை. "சிஞ்ஞோராவின்ரை ஊரிலை அழுறதுதான். நாங்கள் கதைக்கிறதும் சென்னை ஆக்களுக்கு விளங்குதில்லைத்தானே."

சென்ற பெப்ரவரியில் சிஞ்ஞோராவுக்குப் பக்கவாதம் வந்தது. அறுபது வருடம் பேசிய இத்தாலிய மொழி போய்விட்டது. பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு 'ஒக்ஸ்டர், ஒக்ஸ்டர்' என்று முனகிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இளம் டாக்டருக்கும் அது பிடிபடவில்லை. புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதினார். தாயோடு இத்தாலிய மொழியிலேயே பேசி வளர்ந்த மகன், முதியோர் இல்லத்துக்கான விண்ணப்பத்தோடு மிலானிலிருந்து வந்து நின்றார்.

மாற்றுடுப்போடு உள்ளே வந்த சிவமலர் அந்தச் சொல்லைக் கேட்டதும், தன் கையைத் தூக்கி அக்குளைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் நோயாளியின் கையை உயர்த்தினார். அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி சிவந்து பழுத்திருந்தது.

அப்போது டாக்டரிடம் இத்தாலிய மொழியில் சொன்னதைச் சிவமலர் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார், குரலை உயர்த்தாமல்: "அவ பிதற்றேல்லை. கமக்கட்டுக்கை நோகுது எண்டவ. நீங்கள் தலையையே பாத்துக்கொண்டு நிண்டியள்."

கட்டியைக் கீறினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் தான் எழுதியதை வெட்டிவிட்டு, சிவமலரிடம் கேட்டுப் பதினான்கு சொற்களை அர்த்தத்தோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். மகன் விண்ணப்பத்தைக் கொடுக்காமலே மிலானுக்குத் திரும்பினார்.

மகன் கொண்டுவந்த விண்ணப்பத்தைக் கண்டு பயந்தீர்களா என்று சிவமலரிடம் கேட்டேன்.

"ஓம். வேலை போயிடும் எண்டில்லை. அங்கை கொண்டுபோய் விட்டா அவ ஆரோடை கதைக்கிறது?"

நான் கால்சா வீட்டுக்குப் போன அன்று, காயத்துக்கு மருந்து மாற்றும் நேரம். சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். சிவமலர் ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்த துவாயை எடுத்தார். அதை முதலில் தன் கன்னத்தில் வைத்து, சூடு சரியா என்று பார்த்தார்.