விசாரணையில் அவர் சொல்லாத காரணம்

'முன்னறிவிப்பின்றி உடனடி வேலைநீக்கம்' என்ற வரியை நான் முதன்முதலில் தட்டச்சு செய்தது எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் பட்டு நூல் முறுக்கும் ஓர் ஆலையில். அந்தத் தண்டனைக்குரிய குற்றங்கள் என்று நிர்வாகம் பன்னிரண்டைப் பட்டியல் போட்டிருந்தது. தொழிற்சங்கச் செயலாளர் ஒப்பந்தப் பேச்சில் மூன்று நாள் உட்கார்ந்து வாதாடினார். தாமதமாக வருவது, வேலை நேரத்தில் கண்ணயர்வது எல்லாம் நீங்கி, திருட்டு, குடி, இயந்திரத்தைச் சேதப்படுத்துதல், மேலதிகாரியை அடித்தல் என்று நான்கு மிஞ்சின. நான்காவதை அவர் மறுக்கவே இல்லை. "கை நீட்றவனுக்காக நான் வந்து பேச மாட்டேன் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறு வருஷமே அவர் கை நீட்டினார். முதலாளியின் மைத்துனர்தான் எங்கள் சூப்பர்வைசர். பிள்ளையார்பாளையத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து நூல் கிடங்குக்குள் இழுத்தார். அந்தப் பக்கமாக வந்த செயலாளர் ஓங்கி ஓர் அறை விட்டார். பெண் உதறிக்கொண்டு ஓடினாள். சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் கண்டது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசரையும் எதிரே செயலாளரையும் மட்டும்தான். அதற்கு முன் நடந்ததை அலுவலக ஜன்னலிலிருந்து நான் பார்த்துவிட்டேன்.

விசாரணை நடத்திய மேனேஜர் இரக்கமுள்ளவர். "காரணத்தச் சொல்லுப்பா, எச்சரிக்கையோட முடிச்சிடலாம்."

"அடிச்சது நெசம் சார். காரணம் கேக்காதீங்க."

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். 'காரணம் கூற மறுத்துவிட்டார்' என்று தட்டச்சு செய்தேன். என் வேலையை நம்பி ஒரு வீடே இருந்தது, வாயைத் திறக்கவில்லை. வேலைநீக்க உத்தரவையும் நானே அடித்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் என் மேஜை முன் வந்து நின்றாள். "என்னால ஒருத்தருக்கு வேல போச்சு. கட்டிக்கப் போறவருகிட்டயும் சொல்லிட்டேன்க்கா. நான் சொல்றத அப்படியே எழுதிக்கோ." அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து மேனேஜரிடம் கொடுத்தேன். சூப்பர்வைசரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். செயலாளரை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவரே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றார் முதலாளி. அடுத்த ஒப்பந்தத்தில் ஐந்தாவதாக ஒரு குற்றம் சேர்ந்தது: பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடந்துகொள்ளுதல்.

பிறகொரு நாள் வாலாஜாபாத்தில், அரிசி ஆலை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன். அந்த ஐந்தாவது வரியைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு வேலையில இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றேன். பிறகு, இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கி நானும் பாத்தேண்ணா."

"தெரியும்மா," என்றார். "ஜன்னல்ல நீ நின்னுக்கினு இருந்தத நான் பாத்தேன்."