கொஞ்சம் நீளமான சென்டிமீட்டர்

என் கணவர் சீதாராமன் இறந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். யாரைப் பற்றியோ சொல்வதுபோல் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர், தன் அளவு மட்டும் தப்பாது என்று ஊரோடு சண்டை போட்டவர்.

தமிழில் உருது கலந்து பேசும் மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்தவர். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில், இரும்பில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து பார்க்கும் பேட்டர்ன் ஷாப்பில் வேலை. எங்கள் மகள் சாஹித்யா நிற்கப் பழகியதும், அவளுக்காகத் தேக்குப் பலகையில் ஆள் உயர அளவுகோல் ஒன்று செய்தார். கோடுகளை உளியால் கீறி, எண்களில் கறுப்பு மை தேய்த்து, கூடத்துச் சுவரில் அடித்தார். பிறந்தநாள் காலையில் அவள் அதில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தலைமேல் மூலைமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் புதுத்துணி.

பள்ளிக்கூடத்து அட்டையில் உயரம் எப்போதும் சற்றுக் கூடுதலாக இருக்கும். "ஷூவோட நிக்கவெச்சிருப்பாங்க" என்பார். கல்லூரி என்சிசியிலும் கூடுதல். "அவங்க டேப் தொங்கும். தேக்கு தொங்குமா?"

சாஹித்யாவுக்குப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்தே வேறு ஆசை கிடையாது. பட்டப்படிப்பு முடிந்த வருடம் அறிவிப்பு வந்தது. கேட்டிருந்த உயரத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய்ப் பலகையில் நின்றாள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. லேப்டாப்பை மூடிவிட்டாள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கும்வரை அதைத் திறக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"விடும்மா. பேங்க் பரீட்சை எழுது" என்றார் அவர்.

"நக்கோப்பா. எனக்கு பேங்க் வேணாம்." அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சின்னதுல ஸ்கூல்ல ரெண்டு சென்டிமீட்டர் ஜாஸ்தி போட்டாங்க. காலேஜ்ல மூணு. நான் வளர வளர அவங்க தப்பும் கூடவே வளருதா? கைக்கு? ஏன்ப்பா?"

அவர் எழுந்து போய்த் தன் பையிலிருந்த பழைய எஃகு ஸ்கேலை எடுத்தார். வீட்டிலிருந்த சாதாரண ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோகிணி, இது ஷாப் ஸ்கேல்."

எனக்குப் புரியவில்லை. சொன்னார். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, சென்டிமீட்டரையே சற்று நீளமாகப் பொறித்த ஸ்கேல் அங்கே உண்டு. கையில் பழகிய அந்த ஸ்கேலை வைத்துத்தான் மகளுக்கும் கோடு கீறியிருந்தார். சென்டிமீட்டர் நீண்டால் எண் குறையத்தானே செய்யும்.

நான் சிரித்துவிட்டேன். அவரால் முடியவில்லை. "தேதி தாண்டியிருந்தா என்னடி ஆகியிருக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள், தன் கணக்கையே நம்பாமல், அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். உள்ளே நர்ஸ் ஸ்டெல்லா அளந்து முடிக்கும்வரை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். உயரம் போதும், கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அன்றே விண்ணப்பித்தாள்.

இதை அவர் மறைத்திருக்கலாம். கம்பெனி பஸ்ஸில் தானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"என்ன சாமி, பொண்ணை உருக்கி ஊத்தலாம்னு இருந்தியா?" என்றாராம் கூட வேலை பார்த்த யூசுப். "ஆறினப்புறம் கரெக்டா வந்திருக்கும் போ!"

பஸ் முழுக்கச் சிரித்ததாம். சாயங்காலம் என்னிடம் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. ஏன் சொன்னார் என்று இப்போது யோசிக்கிறேன். பிடிக்காத வேலையில் மகள் உட்கார்ந்திருப்பதை மனதுக்குள் முழுதாகப் பார்த்துவிட்டிருப்பார். அதற்குப் பிறகு கேலி என்ன பெரிய விஷயம்?

ஓட்டம், எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி அவள் பயிற்சி முடித்த அணிவகுப்புக்குப் போயிருந்தோம். உயரப்படி நிறுத்தியிருந்தார்கள். அவள் வரிசையிலேயே சாஹித்யாதான் கடைசி. அவர் எழுந்து நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசிப் பெண்ணைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.